தண்ணியா குடு

எடை மெஷினின் முள் முப்பத்தெட்டில் நின்று நடுங்கியது. சடையன் செருப்போடுதான் ஏறியிருந்தான். மூன்று மாதத்துக்கு முன்பு புற்று வந்த நாக்கில் பாதியை வெட்டி, கழுத்துக்குக் கரண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஐம்பத்தாறு.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு வச்சலாவைப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுக்காரருக்குச் சோறு போடறியா, பட்டினி போடறியா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வச்சலாவுக்கு முகம் எரிந்தது. அன்றைக்கு இதே மேஜையில், இதே மனிதர், தலை நிமிராமல் சொன்னது ஒரே வார்த்தை: தண்ணியா குடு. அதை அவள் வேதம்போலப் பிடித்துக்கொண்டாள். நொய்க்கஞ்சியைக் குழைய வேகவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊட்டினாள். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டாள். மாமல்லபுரம் மார்க்கெட்டுக்கு அவள் தூக்கிப் போகும் மீன்கூடையை அவன் கைகாட்டிக் கேட்டபோதெல்லாம் "செத்துப்பூடுவ, கம்முனு கெட" என்று கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்கதான சார் தண்ணியா குடுன்னு சொன்னீங்கோ?"

"தண்ணியான்னா வெறும் தண்ணியா? முட்டை, பருப்பு, மீனு எல்லாம் மசிய அரைச்சு, எண்ணெய் ஊத்தி, கூழு பதத்துல குடுக்கணும். இதெல்லாமா சொல்லித் தரணும்?"

"தரணும் சார். டார்ச் லைட்டு வாங்குனா, பேட்டரிக் கட்டைய எப்டிப் போடறதுன்னு அட்டையில படம் போட்டுத் தர்றான். ஒரு ஆள வெட்டித் தச்சு அனுப்புறீங்கோ, அரைச்சுன்னு ஒரு வார்த்த உங்க வாயில வர்ல. உங்க நாக்கு முழுசாத்தான கீது?"

டாக்டரின் பேனா நின்றது. "அடுத்த மாசம் நாப்பது கிலோவாவது இருக்கணும். இன்னும் இறங்கினா மூக்குல டியூப்தான். அதையும் உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது," என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு சடையன் அவள் தோளை இடித்தான்.

"கோயி," என்றான். "கொயுத்துப்போச்சு."

அறுவைக்குப் பிறகு அவன் பேச்சில் முக்கால்வாசி யாருக்கும் புரிவதில்லை. இது மட்டும் தெளிவாக வந்தது. மூன்று மாதமாக வாசலில் உட்கார்ந்து, தன் சோற்றைக் கோழிகள் தின்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வச்சலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று அவள் மீன் விற்கப் போகவில்லை. இரண்டு சங்கரா மீனை வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, பருப்போடு அம்மியில் வைத்து அரைத்தாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, மீன அரைக்கிற? பல்லு மொளைக்காத புள்ள யாரு உங்கூட்ல?"

"கீறான், அம்பது வயசுப் புள்ள."

முட்டையும் நல்லெண்ணெயும் விட்டு அடுப்பில் கிளறி, ஆறவைத்து எடுத்து வந்தாள். கோழிகள் வழக்கம்போல ஓடிவந்து காலைச் சுற்றின. ஒன்றை எட்டி உதைத்தாள்.

எச்சில் ஊறாத வாயில் முதல் கரண்டி வெகுநேரம் கிடந்தது. சடையன் கண்ணை மூடி, இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். தையல் தழும்புக்குக் கீழே குரல்வளை மெல்ல மேலே ஏறியது. அது இறங்குவதற்காகக் காத்து, அடுத்த கரண்டியைக் கையில் பிடித்தபடி வச்சலா நின்றாள்.