சாமிக்கு முதுகு காட்டியவர்

"அம்மா, நமக்குப் பின்னாடி நின்ன மாமா ஏன் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு? சாமி கோவிச்சுக்க மாட்டாரா?"

நான்கு வயது மகள் இப்படிக் கேட்டபோது, பெரிய கோயிலின் வெளிவாசலில் அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்றதற்கு உள்ளே கிடைத்தது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியையும் அம்மாக்காரி கோட்டை விட்டுவிட்டாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்நிதிக்கு நேரே வந்ததும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எதிரே வெளிப்பிராகாரத்துத் தூண்தான் இருந்தது.

"எந்த மாமாடி?"

"தாடி வச்ச மாமா. ரெண்டு கையையும் விரிச்சு எல்லாரையும் தள்ளிப் பிடிச்சாரு. எனக்கு சாமி நல்லாத் தெரிஞ்சுது. அவருதான் பாக்கவே இல்ல."

தங்களுக்காக யாரோ தன் தரிசனத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். தாடி வைத்தவர்களையெல்லாம் காட்டினாள். "இவரில்ல, இவரில்ல" என்று மகள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அன்று சாமியையும் பார்க்காமல், அந்த மனிதரையும் பார்க்காமல் ஊர் திரும்பினாள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. குழாய் வேலை பார்க்கும் அவள் கணவருக்கு அந்தக் கதை அலுக்கவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆரம்பித்துவிடுவார்.

"எங்க வீட்டம்மா மாதிரி பக்தி யாருக்கு வரும்? கால் கடுக்க நின்னுட்டு, சரியா சாமி வந்ததும் தூங்கிட்டா."

எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பிறகு சமையலறையில் தனியாக இருக்கும்போது, எப்படி இருந்திருக்கும் சாமியின் முகம் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈர விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று இழுத்து, சுருக்கம் எடுத்து, மடித்து அடுக்க வேண்டும். அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் இம்மி பிசகாது. அதனால் அங்கே அவள் பெயரே மடிப்பக்கா என்றாகிவிட்டது. கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள். ஒரு வருஷம் கணவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை. ஒரு வருஷம் லீவு கொடுத்து, கடைசி நாளில் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் வெளியூரில் வேலை பார்க்கும் மகளே ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். போனில், "அம்மா, இந்தத் தடவை கண்ண மட்டும் மூடிடாதே" என்றாள்.

விரிப்பின் மறுமுனையில் நின்ற தோழி இன்னும் ஒரு படி மேலே போனாள். "இமைக்கு ஒரு துணி கிளிப்பு போட்டுட்டுப் போ மடிப்பக்கா. நம்மகிட்டதான் மூட்டை மூட்டையா இருக்கே."

"போடி, உனக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று சொல்லிவிட்டாளே தவிர, தினமும் காலையில் வீட்டு விளக்கின் முன் கண் மூடாமல் கும்பிட்டுப் பழகினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வரும். விடமாட்டாள்.

கோயில் வரிசையில் அவளுக்கும் கணவருக்கும் பின்னால் தனியாக வந்த ஒரு இளம் பெண் நின்றாள். தோளில் மூன்று வயது மகள், அடித்துப்போட்டது மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே எழுப்பிடும்மா" என்றாள் மடிப்பக்கா.

"வேணாங்க்கா, ஊரையே கூட்டிடுவா. கிட்டப் போனதும் எழுப்பறேன். சாமியக் காட்டுறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

சந்நிதி நெருங்கியது. உள்ளிருந்து விளக்கின் வெளிச்சம் நிலைப்படியில் விழுந்திருந்தது. கணவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். இன்னும் ஒரே எட்டு. கண்ணை அகல விரித்துக்கொண்டாள்.

பின்னால் அந்தப் பெண் கெஞ்சுவது கேட்டது. "கண்ணு, எந்திரி. எந்திரிம்மா, சாமி பாரு." குழந்தை சிணுங்கிவிட்டு மறு தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. "நகருங்க, நகருங்க" என்ற குரல் வந்தது. கூட்டம் அலை மாதிரி முன்னால் சரிந்தது.

மடிப்பக்கா யோசிக்கவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்பின் மறுமுனை நழுவினால் கை தானாகப் போய்ப் பிடிக்குமே, அப்படித்தான். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடத்துக்குள் இழுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு பக்கத்துப் பித்தளைக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டாள். மொத்தக் கனமும் அவள் மார்பில் வந்து மோதியது. இத்தனை வருஷமாக ஈரத்துணி இழுத்த கை அசையவில்லை.

எதிரே எத்தனையோ முகங்கள். எல்லாக் கண்ணும் அவள் தலைக்கு மேலே, உள்ளே. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகத்திலும் விளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. சற்று முன் இடித்தவர், சண்டை போட்டவர், எல்லோரும் அந்த நேரத்துக்குக் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். அந்தத் தாடிக்காரரும் அன்று இதைத்தானே பார்த்திருப்பார் என்று தோன்றியது.

முதுகுக்குப் பின்னால் தூக்கம் கலைந்த ஒரு சின்னக் குரல் கேட்டது: "அம்மா... சாமி சிரிக்குது."

கையை எடுத்தாள். யாரோ தோளைப் பிடித்துத் தள்ள, தூணருகே வந்து நின்றாள். அந்தப் பெண்ணும் குழந்தையும் திரும்பிப் பாராமல் கூட்டத்தோடு போயிருந்தார்கள்.

அங்கே காத்திருந்த கணவர் கேட்டார். "என்ன, இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வச்சிருந்தியா?"

"ஒரு நொடிகூட மூடலைங்க" என்றாள். கம்பி பதிந்து சிவந்திருந்த உள்ளங்கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடப் போனாள்.