யோஷி சொல்ல ஓர் ஆள்

ஜப்பானியப் படையின் வேவு ஹெலிகாப்டருக்கு இரண்டு பேர் வேண்டும்: ஓட்ட ஒருவர், கண்காணிக்க ஒருவர். ஓட்டுபவர் ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் கேட்க, மற்றவர் உரக்க "யோஷி!" என்று சரி சொன்னால்தான் கிளம்பலாம்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு மணி நேரம் பறக்காவிட்டால் கேப்டன் ஹதகெயாமாவின் பறக்கும் தகுதி போய்விடும். அப்புறம் சீருடைக் கிடங்கில் காலுறை அடுக்க வேண்டியதுதான். அந்த நாளாகப் பார்த்துக் கண்காணிப்பாளர் நுமாதாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முந்தின நாள் மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் கத்திய கத்தல்.

"வெறும் காத்துதான்யா வருது," என்றார் மேஜர் உகாய், நுமாதாவின் வாயருகே காதை வைத்துவிட்டு. "விதியில குரல்னுதான் இருக்கு, யார் குரல்னு இல்ல. சமையக்கட்டு தொகியேவக் கூப்பிடு."

"அப்போ கண்காணிக்கிறது யாரு சார்?" என்றார் ஹதகெயாமா.

"நுமாதாதான். கண்ணு நல்லாத்தானே இருக்கு? கீழ நின்னு பாக்கட்டும்."

சோற்று வரிசையை அதட்டியே பழகிய சார்ஜென்ட் தொகியே, ஏப்ரனோடு ஏறி உட்கார்ந்தாள்.

"எரிபொருள்?"

"யோஷி!"

"தள்ளுசக்கரம் கழட்டியாச்சா?"

கொட்டகையிலிருந்து தள்ளி வருவதற்காக அடியில் பூட்டிய சக்கரங்கள் அவை. அவள் இருக்கையிலிருந்து தெரியாது.

"யோஷி!"

மேலே எழும்பியதும், கீழே நுமாதா இரண்டு கைகளையும் ஆட்டிக் குதித்தார். "பாசக்காரன்," என்று ஹதகெயாமாவும் கையாட்டினார்.

மலையோரம் புகை தெரிந்தது. "அது எதிரியா இருக்குமோ?"

"யோஷி!"

"ஏம்மா, அதுக்கெல்லாமா யோஷி?"

"கேட்டா சொல்லுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? புகைன்னதும்தான் ஞாபகம் வருது, அடுப்புல கறி கிடக்கு. திருப்புங்க."

"இன்னும் கொஞ்சம் பறந்தாத்தாம்மா ஒரு மணி நேரம் ஆகும்!"

"அதுவரைக்கும் கறி அடிப்பிடிக்காம இருக்குமா? நாளைக்கும் என் கையாலதான் சாப்பிடணும், யோசிச்சுக்கோங்க."

ஹதகெயாமா யோசித்தார். திருப்பினார். காலுறை வாசனை இப்போதே மூக்கில் ஏறியது.

தரையைத் தொட்டாயிற்று. ஆனால் ஹெலிகாப்டர் நிற்கவில்லை. சரிவில் மெல்ல உருண்டு, மேஜரைத் தாண்டி, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியபடி ஓடி வந்த நுமாதாவையும் தாண்டி, ஆடி அசைந்து போய்ச் சமையற்கட்டு வாசலில் மூக்கை இடித்து நின்றது. தொகியே இறங்கி உள்ளே ஓடினாள்.

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விதிப்படி, இறங்கி அசையாம நிக்கிற வரைக்கும் பறந்த கணக்குத்தான்யா. உருண்டதுல உனக்கு ஒரு மணி நேரம் முழுசாயிடுச்சு."

"கறி... யோஷி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த நுமாதா, சக்கரத்தைக் காட்டிவிட்டு அதைக் கழற்றக் குனிந்தார்.

"இருக்கட்டும்யா," என்று ஹதகெயாமா சக்கரத்தைத் தடவிக்கொடுத்தார். "அடுத்த தடவைக்கும் வேணும்."