இடது காது என்று எழுதியிருந்தேன்

பாலண்ணா வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு நாளாகியும் பொலிஸில் பதியவில்லை. வடக்கிலிருந்து வரும் தமிழர் எல்லோரும் பதிய வேண்டும்; பதிவதற்கு, ஏன் வந்தார் என்று ஒரு காரணம் வேண்டியிருந்தது.

உண்மையான காரணம் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. வெளிநாடு போக வந்தேன் என்றால் பாஸ்போட்டைக் கேட்பார்கள். அது ஏஜென்சிக்காரனின் கையில் இருந்தது. ஏஜென்சிக்காரன் எங்கே இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. பதிவில்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் மேல்மாடியில் இருந்த பொடியன் அப்படி ஏறிப்போய் ஐந்து மாதம்.

"கலியாணம் பேச வந்தவர் எண்டு எழுதுவம்," என்றார் அம்மா.

"பொம்பிளையைக் காட்டு எண்டால் ஆரைக் காட்டுறது? உங்களையோ சின்னம்மா?"

அம்மா கரண்டியை ஓங்கினார். பாலண்ணா சிரித்துக்கொண்டு விலகினார். அவர் என் பெரியம்மாவின் மகன். எட்டு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். உயரமாகிவிட்டார், அதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் காரணத்தை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம் முழுவதும் மொழிபெயர்ப்பு நாவல்களையே வாசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளவத்தை ரயில் போகும், எனக்குள்ளே பனியில் குதிரை வண்டி போகும். ஒரு பாத்திரத்தை எப்படி உயிரோடு நடக்கவைப்பது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நான்கு பக்கம் எழுதினேன். சிவபாலன், வயது இருபத்து மூன்று. இடது காது கேட்காது. வலது என்றும் எழுதியிருக்கலாம், ஆனால் இடது என்ற சொல்லில் கொஞ்சம் துக்கம் இருப்பதுபோலத் தோன்றியது. மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது, காய்ச்சலில் காது போனது. கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டரிடம் வைத்தியம். டொக்டரின் மேசையில் கண்ணாடித் தொட்டி, அதில் ஒற்றைச் சிவப்பு மீன்.

வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே பாலண்ணா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதை பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"மீன் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"தேவையில்லாத ஒண்டு இருந்தால்தான் நம்புவினம்."

"ஆர், பொலிசோ?"

"வாசிக்கிறவை."

"பொலிஸ் எப்ப வாசிச்சது?"

அம்மாவுக்குச் சிங்களம் ஓடாது. வீட்டுக்காரி என்று பொலிஸ் படிவத்தில் கையெழுத்து வைத்து, மறுநாள் காலை என்னைத் துணைக்கு அனுப்பினார். பொலிஸ் நிலையத்தில் பாலண்ணாவை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வர முன்னரே என்னை வேறு கதவால் கூப்பிட்டார்கள். சார்ஜன்டின் முகத்தைக் கண்டதும் எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மஜீட் என்ற கொஸ்தாப்பல் மொழிபெயர்த்தார்.

மழை, காய்ச்சல், டொக்டர், மீன் எல்லாம் சொன்னேன். தடங்கலில்லாமல் வந்தது. மீனைச் சொன்னபோது சார்ஜன்ட் தலையைக்கூட ஆட்டினார்.

"எந்தக் காதுன்டு கேக்கிறார்," என்றார் மஜீட்.

"இடது."

சார்ஜன்டின் பேனை நின்றது.

"அவர் வலதுன்டு சொல்லீக்காரே தங்கச்சி."

பாடத்தை மறந்துவிட்டாரா? நான் எதிரே இருந்து வாசித்ததால் என் இடதை அவருடைய வலதாக நினைத்துக்கொண்டாரா? இல்லை, நான்தான் மாற்றி எழுதிவிட்டேனா? நான்கு பக்கங்களும் தலைக்குள் கலைந்து பறந்தன.

"ரெண்டும்... ரெண்டும் கொஞ்சம்..." என்றேன்.

மஜீட் அதை மொழிபெயர்க்கவில்லை.

சார்ஜன்ட் எழுந்தார். பாலண்ணாவைக் கூட்டிவந்து சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்கள். சார்ஜன்ட் மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து இடது காதோரம் குலுக்கினார். பாலண்ணா திடுக்கிட்டார். பிறகு இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது காதோரம் குலுக்கினார். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகக் குலுக்கினார். எனக்கே பல் கூசியது. பக்கவாட்டில் தெரிந்த பாலண்ணாவின் இமை அசையவில்லை. இவ்வளவு நன்றாக நடிக்க எங்கே படித்தார்?

பிறகு அந்த வலது காதுக்குக் கிட்டக் குனிந்து, மெல்லிய குரலில், நீ போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். அது பாலண்ணாவுக்கும் விளங்கும் சிங்களம்தான். போகலாம் என்று சொல்லியும் பாலண்ணா போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

அது நடிப்பில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

ஒரு மாதத்துக்கு முத்திரை குத்தினார்கள். தாளைத் தரும்போது மஜீட் சொன்னார்: "ஒரே ஊட்டுல ஈந்துக்கிட்டு அண்ணன்ட எந்தக் காது கேக்காதுன்டு தெரியாதான்னு சார்ஜன்ட் கேக்கிறார். அடுத்த மாசம் டொக்டர்ட கடிதம் கொண்டு வரணுமாம்."

காலி வீதிக்கு வந்ததும், காதுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு நடந்தார். பிறகுதான் அவருடைய வலது பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன் என்று கண்டேன். சுற்றி மற்றப் பக்கம் வந்து மறுபடி கேட்டேன்.

"போன வருசம் ஷெல் விழுந்தது," என்றார்.

"ஏன் சொல்லேல்லை?"

"என்ட அம்மாவுக்கே சொல்லேல்லை. நீ காது எண்டு வாசிக்கத் தொடங்கினதும் இவளுக்கு எப்பிடித் தெரியும் எண்டு திகைச்சுப்போனன். பிறகு யோசிச்சா நீ வாசிச்சது இடது. சரி, இது வேற ஆற்றையோ கதை எண்டு பேசாமல் இருந்திட்டன்."

"அப்ப ஏன் வலது எண்டு சொன்னனீங்கள்?"

"அந்தாளுக்கு முன்னால உன்ட கதை ஒண்டும் ஞாபகம் வரேல்லை. தெரிஞ்சதைச் சொன்னன்."

அப்படியென்றால் முத்திரை விழுந்தது எந்தக் கதைக்கு? நான் சொன்னது பொய். காது கேட்காதது அவருக்கு உண்மை. அதே பொய்யால்தான் நாங்கள் அகப்படவும் பார்த்தோம். யோசிக்க யோசிக்கச் சிக்கியது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: ஒரு மாதத்துக்குள் நிஜமான டொக்டர் ஒருவர் வேண்டும், அவர் கேட்பவற்றுக்கு விடை வேண்டும்.

"ஒண்டுமே கேக்காதோ?"

"ஒரு சத்தம் மட்டும் கேக்கும். நிக்காது."

"என்ன சத்தம்?"

"சொல்லத் தெரியேல்லை. நீதானே எழுதுறனி, நீ சொல்லு."

"மழை மாதிரியோ?"

"இல்லை."

"ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோ?"

"கொஞ்சம் கிட்ட. ஆனா இல்லை."

பஸ் தரிப்பிடம் வரும்வரைக்கும் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நின்று, தலையைச் சாய்த்து, உள்ளே கேட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார்.