ஆர்லோவின் மண்

மார்லா தொட்டிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினாள். மண் ஈரமாகத்தான் இருந்தது. ஈரத்தில் நிற்கிற செடி இப்படித் தொங்கக் கூடாது. இலைகளின் விளிம்பு கருகி, நுனிகள் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தன. கையை வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ நறநறத்தது. மண் இறுகாமல் இருக்கப் போடுகிற பெர்லைட் என்று நினைத்து நசுக்கிப் பார்த்தாள். பெர்லைட் என்றால் பொடிந்து போயிருக்கும். இது பொடியவில்லை.

உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புரிந்த பிறகு அந்தக் கையை எதில் துடைப்பது என்று தெரியவில்லை. அது ராய்ஸ். நாற்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய மனிதன்.

மகன் ரோவன்தான் யூகையா நகரத் தகனக்கூடத்துக்குப் போய் அப்பாவின் சாம்பலை வாங்கி வந்தவன். டப்பா அவனுடைய காரில் இருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கி வந்த மறுநாளே, "அந்தச் செடிக்குத் தொட்டி மாத்திட்டேன்மா, பாவம், வேர் சுத்திச் சுத்தி நெரிஞ்சு கிடந்துச்சு" என்றான். பையனுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. ராய்ஸ் படுத்த படுக்கையான மாதங்களில் யாரும் அந்தக் கஞ்சாச் செடியின் பக்கம் போகவில்லை. அது சின்னத் தொட்டிக்குள் மஞ்சளடித்து நின்றது.

சாதாரணச் செடியாக இருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இது தாய்ச்செடி. ராய்ஸ் அதைப் பூக்கவிடாமல், கிளை வெட்டி வேர்விட வைத்து, வயதானதைக் கழித்து, மறுபடி வெட்டி, வழிவழியாக ஒரே செடியாகக் காப்பாற்றி வந்தான். இருக்கிறவரை ஒருவருக்கும் ஒரு துண்டு கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் வடிகட்டின கஞ்சன். ஆனால் கஞ்சா வளர்ப்பதே பிழைப்பான இந்த மெண்டோசினோ மலையில் ஒரு வழக்கம் உண்டு. வளர்ப்பவன் செத்தால், நினைவுகூர வருகிறவர்கள் அவனுடைய தாய்ச்செடியில் ஆளுக்கொரு கிளை வெட்டி எடுத்துப் போவார்கள். இன்று மதியம் வருகிறார்கள்.

பிக்கப் வண்டி வந்து நின்றது. பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் ஆர்லோ, மடக்கு நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டுச் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலுக்குள் தலையை நீட்டினான்.

"என்ன மார்லா இது, நனைஞ்ச கோழியாட்டம் தொங்குது?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். ஆர்லோ குனிந்து பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"ரோவனா? எவ்வளவு போட்டிருக்கான்?"

"பூரா போட்டுட்டான் போல."

"பூராவுமா? ராய்ஸ் ஆறடி ஆளாச்சே!"

"அடுப்புச் சாம்பலை அவர் ரோஜாவுக்குத் தூவுறதைச் சின்ன வயசுல பாத்திருக்கான். சாம்பல் செடிக்கு நல்லதுன்னு நினைச்சிருப்பான்."

"அது விறகுச் சாம்பல், அதுவும் ஒரு கைப்பிடி. இது எலும்பு, மார்லா. முழுக்க உப்பும் காரமும். வேரை வேகவெச்சுடும்."

"எனக்குத் தெரியாததைச் சொல்ற மாதிரி சொல்லாத."

 அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவனுக்குத் தெரியக் கூடாது. அப்பா சாகறப்போ பக்கத்துல இல்லையேன்னு ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கான். வந்ததுலேருந்து அவன் அப்பாவுக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

ராய்ஸின் மூச்சு மாறிய அன்று காலையில் அவள்தான் ரோவனுக்குப் போன் செய்தாள். வேலை பார்க்கும் சாக்ரமெண்டோவிலிருந்து அவன் கிளம்பி, பாதி வழியில் இருந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"மண்ணை மாத்திப் பாப்போம்" என்றான் ஆர்லோ. "வண்டியில என் கலவை ஒரு மூட்டை இருக்கு."

"உன் கலவை வேண்டாம். வயித்தால போறவனுக்கு மாட்டுக்கறியா குடுப்பாங்க? சூப்புதான். சத்தே இல்லாத மண்ணு வேணும். தேங்காய் நார்த்தூள் இருக்கு, பாதிக்குப் பாதி பெர்லைட் போட்டுக்கலாம். எரு ஒரு துளி கூடாது."

வேறு நாளாக இருந்தால் ஆர்லோ சண்டைக்கு வந்திருப்பான். அவனுடைய கருப்பு மண் அந்த மலை முழுக்கப் பிரசித்தம். கோழி எருவையும் சருகையும் இரண்டு மழைக்காலம் மக்கவைத்து, பிள்ளையைப் போலப் புரட்டிப் புரட்டிப் போட்டுத்தான் மூட்டை கட்டுவான். அவனுக்குச் சோறு போட்டதும் அந்த மண்தான். ராய்ஸ் ஒருவன்தான் கடைசிவரை அதைக் குறை சொல்லிக்கொண்டே வாங்கினான்.

இருவரும் தொட்டியைச் சாய்த்தபோது வாசலில் ரோவன் நின்றான்.

"அம்மா! என்ன பண்றீங்க? அதைக் கொட்டாதீங்க. உள்ள அப்பா இருக்கார்."

இருவரும் தொட்டியை மெல்ல நிமிர்த்தினார்கள். அவனுக்கு முகம் சிவந்தது.

"இன்னிக்கு எல்லாரும் வந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். ஆளுக்கொரு கிளை எடுத்துட்டுப் போறப்போ, அப்பாவையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கும்னு..." அப்போதுதான் செடியைச் சரியாகப் பார்த்தான். கருகிய விளிம்புகளை விரலால் தொட்டான். "என்ன ஆச்சு இதுக்கு? நான் போட்டதாலயா?"

மார்லாவுக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவள் குழாயைத் தேடுகிறவள் போலத் திரும்பிக்கொண்டாள். 

"நீ எந்த மண்ணுல வெச்ச?" என்றான் ஆர்லோ.

"கொட்டகையில இருந்த உங்க மூட்டைதான்."

"அதான் பாத்தேன். போச்சு. அந்த மூட்டை சரியா மக்கலடா. அவசரத்துல கட்டிட்டேன். கோழி எரு பச்சையா இருந்திருக்கு, வேரை எரிச்சிடுச்சு."

"நிஜமாவா? அப்பாவோட சாம்பலால இல்லையே?"

"உங்கப்பன் செடிக்குக் கெடுதல் பண்ணுவானா? பொண்டாட்டியை விட்டாலும் விடுவான், இதை விடமாட்டான். நான்தான் கெடுத்தேன். நில்லு, அந்தத் தண்டைப் பிடி."

ரோவன் தண்டைப் பிடித்துக்கொண்டான். மார்லா ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குமேல் வேர்க்கட்டைப் பிடித்துத் தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டாள். மண் கரைந்து இறங்கியது. தண்ணீர் முதலில் கருப்பாகவும் பிறகு சாம்பல் நிறமாகவும் ஓடியது. அவள் விரல்களை வேர்களுக்குள் விட்டு அலசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ராய்ஸின் தலையை இப்படித்தான் அலசிவிடுவாள்.

"இந்தத் தண்ணியை என்ன பண்றது?" என்று ரோவன் கேட்டான்.

"மேட்டுல மட்ரோன் மரத்தடியில ஊத்து. அவருக்குப் பிடிச்ச இடம்."

அவன் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, தளும்பாமல் அடிமேல் அடி வைத்து மேடேறினான். ஆர்லோ உதவிக்குப் போகவில்லை.

அவன் தலை மறைந்ததும் மார்லா வேரைக் காட்டினாள். பழுப்பாக, வழவழவென்று இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். தோல் உருவிக்கொண்டு வந்தது. ஆர்லோ நகத்தால் அடித்தண்டைச் சுரண்டினான். உள்ளே பச்சையே இல்லை. மேலே, இன்னும் மேலே சுரண்டிப் பார்த்தான்.

"ஒரு கிளைகூடத் தேறாது மார்லா."

"தெரியுது. இருந்தாலும் தொட்டியில வை."

நார்த்தூளை நனைத்துப் பிழிந்து, பெர்லைட்டோடு பிசறி, பஞ்சு மாதிரி ஒரு படுக்கை போட்டார்கள். வேரை விரித்து உட்கார வைத்தார்கள். அழுத்தினால் ஒடியும் என்று மார்லா ஓரத்தைத் தட்டியே மண் இறக்கினாள். கெட்டியாகாமல், தண்ணீர் தேங்காமல், பிழைக்கிற செடிக்கு என்னவெல்லாம் செய்வார்களோ அவ்வளவையும் செய்தாள். நான்கு பக்கமும் குச்சி நட்டுக் கட்டியபோது செடி நிற்கிறது போலவே இருந்தது.

மதியம் வந்தவர்கள் உருளைக்கிழங்கு சாலட்டும் பீன்ஸும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். கிளையை வைத்து எடுத்துப்போக ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் ஈரப் பஞ்சும் இருந்தது. செடிக்குச் சுகமில்லை, இன்று வெட்ட முடியாது என்று மார்லா சொன்னதும் கோப்பைகளை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றாள் பெட்ரா. அவளும் மலைக்காரிதான், நாக்கு நீளம்.

"என் மண்ணு" என்றான் ஆர்லோ. "சரியா மக்கல."

 பெட்ரா கையைத் தட்டினாள். "உன் மண்ணு ஆகாது ஆகாதுன்னு ராய்ஸ் தலைதலையா அடிச்சுக்கிட்டான். யாரு கேட்டோம்? செத்து நிரூபிச்சுட்டான் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லோவும் சிரித்தான், அவன் கழுத்து மட்டும் சிவந்து கிடந்தது. இந்த வருஷம் எனக்கு மூட்டை வேண்டாம்பா என்று யாரோ கேலியாகச் சொன்னார். அது கேலி மட்டும் இல்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், ஆர்லோவுக்கும் தெரியும். மார்லாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். எதிரே ரோவன், வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வெயில் இறங்கும்போது எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆர்லோ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். ரோவன் குடிலிலிருந்து வந்தான்.

"எப்பம்மா நிமிரும்?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"தண்ணி எவ்வளவு விடணும்?"

"நிறைய வேண்டாம். லேசாத் தெளிச்சாப் போதும்."

அவன் தலையாட்டினான். கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றவன், அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் நாளைக்குப் போகலம்மா. வேலைக்கு லீவு சொல்லிட்டேன். அப்பாவுக்குத்தான் வந்து சேர முடியல. இது நிமிர்ற வரைக்கும் கூடவே இருக்கேன்."

ஆர்லோவின் கையில் நாற்காலி பாதி மடங்கியபடி நின்றது. மார்லா வாயைத் திறந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள்.

உள்ளே போய், ரோவன் படுக்க முன்னறைக் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பை எடுத்துப் போட்டாள். மூலைகளை இழுத்துச் செருகினாள். கம்பளியை உதறி மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். தலைமாட்டில் தலையணையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிர் ஜன்னலில் கண்ணாடிக் குடிலும், அதற்குள் நான்கு குச்சிகளுக்கு நடுவே அந்தச் செடியும் நேராகத் தெரிந்தன.

தலையணையை எடுத்தாள். கட்டிலைச் சுற்றி வந்து, ஜன்னல் தலைக்குப் பின்னால் போகிற மாதிரி, கால்மாட்டுப் பக்கம் வைத்தாள்.