ஐந்தாவது டோஸ்

காலை ஆறரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஃப்ரீசரிலிருந்து நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்துச் சமையல் மேடையில் வரிசையாக வைத்தான். அவை வியர்த்ததும் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் குலுங்கினால்தான் தடுப்பூசிப் பெட்டிக்குள் போகலாம். சுகாதார மையத்தின் ஃப்ரீசரில் இடமில்லாமல் போனதால் ஏழு மாதமாக இது அவன் வேலை. "ஐஸ் வியாபாரி ரெடியா?" என்பாள், அங்கே ஊசி போடும் மனைவி.

மூன்றாவதை ஆட்டும்போது அவன் அக்கா உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை.

"யாருக்குடா இது?"

கையை இறக்கினான். மனைவி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கொரோனா வார்டிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபதடி தள்ளி நின்றான். ஜிப் வைத்த பைதான் தெரிந்தது.

"பாப்பாவுக்குச் சட்டை மாத்திக் குடுக்கா. இன்னிக்கு புதன். ஊசி போட்டுட்டு வரேன்."

"அந்த மையத்துக்கா? அங்க போய்த்தானே அவ வாங்கிட்டு வந்தா. இதையும் தூக்கிட்டுப் போறியா?"

"தட்டம்மை ஊசி. ஒன்பது மாசத்துல போடணும். பத்தரை மாசம் ஆச்சு."

"ஊருக்கெல்லாம் போட்டவளுக்குப் பெத்ததுக்குப் போட நேரமில்லையாக்கும்."

நேரம் இருந்தது. ஊசிக்குத் தட்டுப்பாடு, வாரத்துக்கு ஒரு குப்பிதான் வந்தது. ஒரு குப்பியில் ஐந்து டோஸ். கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தொற்றுக்குப் பயந்து வராதவர்களை அவள் வீடு வீடாகப் போய் அழைத்தாள். ஐந்தாவது நம் பாப்பாவுக்கு என்பாள். அவனும் குழந்தையோடு போய் நிற்பான். முடிக்கிற நேரத்தில் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். "நாம எங்க போகப்போறோம், அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்பாள் அவனிடம். இப்படி ஐந்து புதன்கிழமைகள்.

"பின்தெருவுல ரெண்டு பிள்ளைங்களுக்குத் தட்டம்மை வந்திருக்கு. ஒண்ணுக்கு மூச்சு வாங்குதாம்" என்றான்.

மூச்சு என்ற சொல்லை, அவள் வார்டுக்குப் போன பதினெட்டு நாளாக, அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அக்கா போய்ச் சட்டை எடுத்துவந்தாள். பொத்தான் போட்டபடி கேட்டாள்.

"கடைசியா போன்ல என்னடா சொன்னா? எல்லாரும் கேக்கறாங்க. குழந்தைய பாத்துக்கங்கன்னு சொன்னாளா?"

"ஆமா."

மையத்தில் பெஞ்சுகள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. ஐந்து தாய்மார்கள், ஐந்து குழந்தைகள். மனைவியோடு வேலை பார்த்த நர்ஸ் அவனைப் பார்த்ததும் குப்பியைக் கீழே வைத்தாள்.

"வாங்கண்ணா." பிறகு தாழ்ந்த குரலில், "இன்னிக்கும் ஒண்ணுதான் வந்திருக்கு. பாப்பாவோட ஆறு பேர்."

அவன் பெஞ்சுகளைப் பார்க்கவில்லை.

"பாப்பாவுக்கு முதல்ல போடுங்க."

நர்ஸ் குப்பியின் மேல் நேரத்தை எழுதினாள். குழந்தை ஒருமுறை வீறிட்டு, அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. ஓர மேசைக்குப் பின்னாலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.

நர்ஸ் அருகே வந்தாள். "நீங்க கிளம்புங்கண்ணா. கடைசி அம்மாகிட்ட நானே சொல்லி அனுப்பிடறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. எழவில்லை.

ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். கடைசிப் பெண் கைக்குழந்தையோடு எழுந்து வந்தாள். ஊசி தீர்ந்துவிட்டதென்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு பஸ் மாறி வந்தேன் சிஸ்டர்."

"அடுத்த புதன் முதல் ஆளா உங்களுக்குத்தான்."

"அந்த இன்னொரு சிஸ்டர் எங்க? வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்களே. அவங்க இருந்தா இப்படித் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

நர்ஸ் அவனைப் பார்த்துவிட்டு, அட்டையில் அடுத்த புதனின் தேதியை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

தொண்டைக்குள் குழாய் போடுவதற்கு முன், மாஸ்க்கை விலக்கி, அவள் போனில் சொன்னது இதுதான்:

"புதன்கிழமை பாப்பாவுக்குப் போட்டுடுங்க. போட்டதும் கிளம்பிடாதீங்க. அரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வாங்க."