புகையிலைச் செடியின் மானம்

அறுபத்தாறில் நான் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது பேராசிரியருக்கு ஊசி எடுத்துக் கொடுப்பவன். என் சோதனை சரியாக வந்தால் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார்.

என் வீட்டு வாசலில் இருந்த புகையிலைச் செடியில் சில இலைகளுக்கு நெல்லின் நோய்க்கிருமியையும், ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றுக்கு வெறும் தண்ணீரையும் ஊசியால் ஏற்றினேன். கிருமி ஏறிய இடம் மட்டும் மறுநாளே காய்ந்தது. பக்கத்து வீட்டு வீரமலை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர், செடிக்குச் சீக்கு என்று இரக்கப்பட்டு அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டார்.

"சீக்கு இல்லைங்க. கிருமி வந்தது தெரிஞ்சதும் செடியே அந்த இடத்தைச் சாகடிச்சு, மேல பரவாம தடுக்குது," என்றேன், பல்லைக் கடித்தபடி.

"தீப்பிடிச்ச வேகனைக் கழட்டி விடுற மாதிரின்னு முதல்லயே சொல்லக்கூடாதா சார்?"

மறுபடி ஊசி போட்டேன். பேராசிரியர் செடியைப் பார்க்க வரவேண்டிய காலையில் பார்த்தால், காய்ந்த இலைகள் பத்திரமாக இருந்தன. ஒப்பிட்டுக் காட்டத் தண்ணீர் ஏற்றியிருந்த பச்சை இலைகளைக் காணோம்.

"அதெல்லாம் ஊசி போட்டும் சண்டையே போடாத சோம்பேறிங்க சார். வர்றவர் முன்னாடி நம்ம செடி மானம் போகலாமா? நானே கிள்ளிட்டேன்," என்றார் வீரமலை.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மனுஷன் ஷிஃப்டுக்குப் போகுமுன் செடிக்குத் தண்ணீர் வேறு ஊற்றிக்கொண்டிருந்தார். "ரொம்ப உபகாரங்க," என்றுதான் வந்தது.

பேராசிரியரிடம் ஆடு தின்றுவிட்டது என்றேன். புகையிலையை ஆடு தொடாது என்பது தாவரவியல் படிக்காதவர்களுக்கே தெரியும். ஆராய்ச்சி அடுத்த வருஷத்துக்குப் போயிற்று.