மூன்று விரல் போதும்

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் குணசுந்தரியின் வலது மோதிர விரல் மெஷினில் மாட்டியபோது, பக்கத்து மெஷினில் நின்ற பிரின்சிதான் பாய்ந்து வந்து ஸ்டாப் பட்டனை அடித்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கையே போயிருக்கும் என்றார் டாக்டர். விரலில் பாதிதான் போயிற்று.

புண் ஆறிய பிறகும் குணசுந்தரி புதுவாயலில் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கடைகண்ணிக்கெல்லாம் கணவன் விஜயகுமார்தான் போய்வந்தான். சோறு பிசையும்போதுகூட அவள் தன் கையைப் பார்க்கமாட்டாள். முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு பிரின்சி வந்தாள். தோள்பையிலிருந்து ஒரு குட்டி கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாடி இது, பொம்மையா?”

“யுகுலேலே. நாலே நரம்பு. சர்ச்ல நான் இததான் வாசிக்கிறேன். நீயும் கத்துக்கோ.”

குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. “விரல் போனவகிட்ட வந்து வாசின்றியே, கிண்டலா?”

“மேல ரெண்டு நரம்புக்கும் கட்டை விரல். மூணாவதுக்கு ஆள்காட்டி. கடைசிக்கு நடுவிரல். மூணு விரல் போதும்டி. மோதிர விரலுக்கு இங்க வேலையே இல்ல. நான் வாசிக்கிறத பாரு.”

பிரின்சி வாசித்துக் காட்டினாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தவள் மூன்றைத்தான் அசைத்தாள். குணசுந்தரி கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

இடது கைக்கு வேலை சுலபம். கடைசி நரம்பை, வாத்தியத்தின் கழுத்தில் மூன்றாவது கட்டத்தில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால் போதும். வலது கைதான் படுத்தியது. கட்டை விரலும் ஆள்காட்டியும் சேர்ந்தே பாய்ந்தன. நடுவிரல் நரம்பைக் கொக்கிபோல மாட்டி இழுக்க, டங்கென்று அடித்தது.

“எறா தலைய கிள்ற மாதிரி பிடுங்காத. சுட்ட அப்பளத்த எடுக்கிற மாதிரி தொடு,” என்றாள் பிரின்சி. போகும்போது வாத்தியத்தை விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயகுமார் வேலைக்குக் கிளம்பியதும் குணசுந்தரி அதை எடுத்தாள். கட்டை, ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி. மெதுவாக, ஒவ்வொன்றாக. குறை விரல் பலகையில் பட்டால் சுரீரென்றது. அதைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொள்ளப் பழகினாள். எந்த விரல் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தாக வேண்டியிருந்தது. மதியம் உலை வைக்க எழுந்தபோதுதான், காலையிலிருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் விரல்கள் தாமாக ஓடின. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, ரேடியோ நல்லா பாடுதே?”

“ரேடியோ இல்லக்கா, நான்தான்,” என்று சிரித்தாள் குணசுந்தரி.

அடுத்த ஞாயிறு பிரின்சியை உட்காரவைத்து வாசித்தாள். நடுவில் தப்பியது. முதலிலிருந்து தொடங்கினாள். முடித்ததும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, “அன்னிக்கு நீ ஓடியாந்தியே பிரின்சி, அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவே இல்ல,” என்றாள். பிரின்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு ஊட்டுக்குப் போயும் எனக்கு கை நடுக்கம் நிக்கல,” என்றாள் பிரின்சி. “இத எடுத்து வச்சிக்கினு வாசிச்சப்பறம்தான் அடங்கிச்சு. உனக்கும் ஆவும்னு தோணிச்சு, அதான் எடுத்தாந்தேன்.”

தன்னைப் போலவே அவளும் பயந்திருப்பாள் என்று குணசுந்தரி நினைத்ததே இல்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிரின்சியைப் பிடித்து வைத்து, மீன் குழம்பும் சோறும் தன் கையாலேயே பரிமாறினாள்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் பிரின்சிக்குப் பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.